பீடிக்கட்டைப் பொதுச் செலவில் எழுதாதீர்கள்: விசைப்படகு முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் கரையில் விசைப்படகு வைத்திருக்கும் முதலாளிமார் எல்லாருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்காவது என் கையெழுத்து தெரியும். பதினோரு வருஷம் படகுக் கணக்கு எழுதியவன். அதற்கு முன்னால் நாலு வருஷம் நானும் கடலுக்குப் போனேன். வாடைக்காற்று எழும்பினால் போதும், குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுப்பேன். வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து கரையில் உட்கார வைத்துவிட்டார்கள். படிப்பு எட்டாம் வகுப்புதான், ஆனால் கூட்டல் கழித்தல் தப்பாது. அந்த ஒரு தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் பரணைத் துப்புரவு செய்தபோது பழைய கணக்கு நோட்டுகள் ஒரு சாக்கு நிறைய இறங்கின. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுங்கள் என்றாள் வீட்டுக்காரி. போடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்தேன். ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட தாள்கள், டீசல் வாசம் இன்னும் போகவில்லை. கடலுக்குப் போய்வரும் ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம். டீசல், ஐஸ், அரிசி, மிளகாய்த்தூள், வெங்காயம், சீனி, டீத்தூள், பீடி, தீப்பெட்டி. அடுத்த பக்கமும் அப்படியே. டீசல் விலை ஏறியிருக்கும், ஐஸ் கூடக்குறைய இருக்கும். பீடி மட்டும் ஒரு நடைக்குக்கூட விடுபட்டதில்லை. வெங்காயம் இல்லாமல் படகு போயிருக்கிறது. பீடி இல்லாமல் போனதாக என் நோட்டில் இல்லை.

அதை நான்தான் எழுதினேன். யார் எழுதச் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் எழுதினவர் எழுதினார், நானும் எழுதினேன்.

நம் ஊர் முறை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர் யாராவது படித்தால் தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பாடு, அதாவது பிடித்து வந்த மீனும் இறாலும், விற்ற காசில் முதலில் பொதுச் செலவைக் கழிப்போம். மிச்சத்தில்தான் படகுக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. ஆக, அந்தப் பீடிக்கட்டின் விலையை முதலாளியும் கொடுக்கிறார், டிரைவரும் கொடுக்கிறார், பீடியையே தொடாதவனும் கொடுக்கிறான்.

ஒரு தம்பி என்னிடம் கேட்டான். புதிதாக ஏறியவன், ஐ.டி.ஐ. பாதியில் விட்டவன், பத்தொன்பது வயசு இருக்கும். "அண்ணே, நான் பீடி குடிக்கிறதில்ல. என் பங்குல ஏன்ணே பீடிக் காசு கழியுது?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அரிசியும்தான் நீ கம்மியாத் திங்கிற, அதுக்குக் கழிச்சுக் கணக்கு எழுதவா?" என்று கேட்டேன். அன்றைக்கு அது நல்ல பதில்போலத்தான் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஐஸ் மில் பக்கம் அவன் பீடி பற்றவைப்பதைப் பார்த்தேன். என்னடா என்றேன். "எப்படியும் காசு போகுதுல்லண்ணே" என்றான்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். படிப்பில் ஒரு வேலையாகப் பெரியவர்களிடம் புகைப்பழக்கம் பற்றிக் கேட்டு எழுத வேண்டும் என்று ஒரு கேள்வித்தாளோடு வந்தாள். வயசு என்ன, ஆணா பெண்ணா, எத்தனாவது வரை படிப்பு, மாத வருமானம், கல்யாணம் ஆயிற்றா, என்ன தொழில், வீட்டில் வேறு யார் பிடிப்பார்கள். இதெல்லாம் எதற்கம்மா, நுரையீரல் படத்தைக் காட்டினால் போதாதா என்றேன். அப்புறம் அவள் உட்கார்ந்து விளக்கினாள். சில விஷயங்கள் எனக்குப் புதுசு.

நாடு முழுக்க 2016-17-ல் எடுத்த பெரியவர்களுக்கான புகையிலைக் கணக்கெடுப்பில், புகைபிடிக்கும் ஆண்கள் நூற்றுக்கு 19 பேர், பெண்கள் 2 பேர். சிகரெட் பிடிப்பவர்களைவிடப் பீடி பிடிப்பவர்கள்தான் அதிகம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் கையில் காசு குறைந்தவர்களிடமும் பீடி அதிகம். படிப்பு ஏற ஏறக் குறைகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பார்த்தால், ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தும் ஆண்கள் இந்தியா முழுக்க 38 சதவீதம். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர்தான்.

ஐந்தில் ஒருவர்! நம் படகில் ஐந்து பேர் ஏறினால் அதில் ஒருவன்தான் பிடிக்க வேண்டும். என் நோட்டின்படி, பிடிக்காதவன்தான் ஐந்தில் ஒருவன்.

எங்கிருந்து வருகிறது இந்த வித்தியாசம்? அவளுடைய கேள்வித்தாளை நம் ஆட்களிடம் நீட்டினால் எல்லாத் தாளும் ஒரே மாதிரிதான் வரும். ஆண், எட்டாவதோ பத்தாவதோ, வருமானம் நிலையில்லை, தொழில் கடல். நான் கடலில் போன நாலு வருஷத்தை வைத்தும் கணக்கு எழுதிய பதினோரு வருஷத்தை வைத்தும் யோசித்துப் பார்த்தேன். கேள்வித்தாளில் இல்லாத இரண்டு விஷயம் கிடைத்தது.

ஒன்று, ஈரக்கை. மடிவலை இழுத்து, சங்காயம் என்கிற கழிவு மீனைத் தள்ளி, இறாலைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு இரண்டு கையும் உப்புத் தண்ணீரும் செதிலும். அவரால் தீக்குச்சி உரச முடியாது. படகில் இளையவன் யாரோ அவன்தான் கையைத் துடைத்துவிட்டு, பீடி கொட்டி வைத்திருக்கும் நீலமூடி டப்பாவைத் திறந்து, ஒரு பீடியைத் தன் வாயில் வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்துக் கனல வைத்து, அதைப் பெரியவர் உதட்டில் கொண்டுபோய்ச் செருக வேண்டும். பீடிக்கு அந்த இரண்டு இழுப்பு கட்டாயம். இலை சுற்றியிருப்பதால் சிகரெட் மாதிரி தானாகப் புகைந்துகொண்டிருக்காது, விடாமல் இழுக்க வேண்டும், விட்டால் அணைந்துபோகும். ஒரு ராத்திரியில் நாலு பேருக்குப் பற்றவைத்துக் கொடுத்தால் அந்தப் பையன் எத்தனை இழுப்பு இழுத்திருப்பான்? நான் தொடங்கினது அப்படித்தான். என் மாமா டிரைவராக இருந்த படகு. "மாப்ள, பத்த வச்சுக் குடுடா." அந்தக் குரலுக்கு மாட்டேன் என்று சொல்கிற மருமகன் நம் கரையில் பிறந்திருக்கிறானா? மூன்று வருஷம் பிடித்தேன். விட்டது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

கெட்ட சகவாசம், சினிமா பார்த்துக் கெட்டுப்போனான் என்றெல்லாம் மேடையில் பேசுகிறார்கள். இங்கே கற்றுக்கொடுப்பது மாமனும் சித்தப்பாவும்தான், அதுவும் வேலையோடு சேர்த்து, பாசமாக.

இன்னொன்று, ராத்திரி. வாரத்தில் மூன்று நாள்தான் நமக்குக் கடல், மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. அந்த மூன்று நாளில் அனுமதி டோக்கன் போட்டுப் போனால் விடிய விடியத் தூக்கம் கிடையாது. ஒரு மடி போட்டு அடுத்த மடி தூக்கும்வரை இரண்டு மூன்று மணி நேரம், கண்ணை மூடினால் எழுப்ப முடியாது, மூடாவிட்டால் என்ன செய்வது? எல்லை எங்கே என்று தண்ணீரில் கோடு தெரியாது. தூரத்தில் ஒரு வெளிச்சம் நகர்ந்தால் அது நம் படகா இலங்கை நேவியா என்று ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் டப்பாவுக்குக் கை நீட்டுவார்கள். அந்த நேரத்தில் பீடி பிடிப்பவனைத் திட்ட எனக்கு வாய் வராது. கரையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து திட்டுவது சுலபம்.

கீழக்கரைப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே பல வீட்டில் ஒருவராவது அரபு நாட்டில். ஊருக்கு வருகிறவர் கையில் வெளிநாட்டுச் சிகரெட் அட்டைப்பெட்டி இருக்கும், மச்சானுக்கு ஒன்று, கூட்டாளிக்கு ஒன்று என்று அன்பளிப்பாகவே கைமாறும். காசு இருக்கும் இடத்தில் அது மரியாதை, இல்லாத இடத்தில் பீடி ஆறுதல். இந்தப் பீடி இவ்வளவு மலிவாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 சதவீதம் போட்டார்கள், ஆனால் சிகரெட்டுக்கு அதற்கும் மேலே போட்ட செஸ் என்ற கூடுதல் வரியைப் பீடிக்குப் போடவில்லை. சுற்றுகிறவர்கள் தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள், அவர்கள் பிழைப்பு கெடும் என்று பேச்சு. அவர்கள் கூலியை உயர்த்துவது பற்றி அதே வேகத்தில் யாரும் பேசக் காணோம். அது தனிக் கதை. நம் கரைக்கும் பீடி இலைக்கும் இருக்கும் இன்னொரு உறவை, அக்கரைக்குப் போக இருந்து இங்கே மூட்டையாகக் கரை ஒதுங்குகிற உறவை, நான் பேசவே போவதில்லை. பேப்பரில் வருகிறது, படித்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பெண்கள் புகைப்பதில்லை என்று நமக்குப் பெருமை. கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள், வாடியில் கருவாடு காயப்போடுகிறவர்கள், அவர்கள் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து பார்த்தால் வெற்றிலை, பாக்கு, ஒரு துண்டு புகையிலை. அந்த 2016-17 கணக்கெடுப்பில் புகைக்கும் பெண்கள் 2 சதவீதம், ஏதோ ஒரு வகையில் புகையிலை எடுக்கும் பெண்கள் 14.2 சதவீதம். புகை வரவில்லை, அதனால் நம் கண்ணில் படவில்லை. என் அம்மா கடைசிவரை போட்டுக்கொண்டிருந்தார். பசிக்காது என்பார்.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். இருமல் ஒரு வருஷம் இருந்தது. பீடி இருமல்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம், அவரும் விட்டுவிட்டார். சளியில் ரத்தம் வந்த பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டி.பி. ஆறு மாத மாத்திரையை நடுவில் இரண்டு தடவை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனார், போனால்தானே பங்கு. பீடியை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. மூன்றாம் தடவை மருந்து தொடங்கினபோது உடம்பு தாங்கவில்லை.

இதை விதி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மகள் ஒரு ஆய்வைக் காட்டினாள். சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும் வேறு விஞ்ஞானிகள் சிலரும் சேர்ந்து 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. சென்னையிலும் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்திலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி வீடு வீடாக விசாரித்திருக்கிறார்கள். புகைபிடிப்பவர் டி.பி.யில் சாகும் வாய்ப்பு, பிடிக்காதவரைவிட நாலு மடங்குக்கு மேல். இந்தியாவில் டி.பி.யில் இறக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிச் சாவுக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் ஒரே அறைக்குள் நெருக்கிப் படுக்கும் படகில் ஒருவன் இருமலை அவனோடு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்பது உங்களுக்கே தெரியும். 2008-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், பீடி பிடிக்கும் ஆணுக்கு ஆயுளில் சராசரியாக ஆறு வருஷம் போகிறது, சிகரெட் பிடிப்பவருக்குப் பத்து. பத்துக்கு ஆறு பரவாயில்லையே என்று யாராவது பேரம் பேசுவீர்கள், தெரியும். இறாலுக்குப் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் சொல்லப்போவதும் தெரியும். ஏற்கெனவே ஆள் கிடைப்பதில்லை. முன்பணம் கொடுத்து, வீட்டு விசேஷத்துக்குச் செய்து, வாசலில் போய் நின்று ஆள் சேர்க்கிறோம். பீடியை நிறுத்தினால் அடுத்த படகுக்குப் போய்விடுவான். நியாயம்தான். அதனால்தான் ஒரு முதலாளிக்கு எழுதாமல் எல்லாருக்குமாக எழுதுகிறேன். சங்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முடிவெடுக்கிறீர்கள், வேலைநிறுத்தம் என்றால் ஒரே நாளில் மொத்தப் படகும் நிற்கிறது. இதையும் அப்படி எடுங்கள்.

பீடி பிடிக்கக் கூடாது என்று நான் தடை கேட்கவில்லை. பிடிக்கிறவன் தன் காசில் வாங்கி வரட்டும். பொதுச் செலவில் பீடி என்ற வரி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் காசு பங்கில் கூடும். கையில் கூடுதலாக வந்த ரூபாயைக் கொடுத்துத் தானே கடையில் போய் வாங்கும்போது எத்தனை கட்டு என்று அவனே எண்ணுவான். இப்போது எண்ணுவதில்லை, டப்பாவில் கை விட்டால் வருகிறது. கட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டிவிடுவதால், உறையில் 85 சதவீத இடத்துக்குப் போட்டிருக்கும் அந்தப் புண்ணுப் படத்தையும் படகில் எவனும் பார்த்ததில்லை. பார்த்தது நான் ஒருவன்தான், சாமான் சரிபார்த்தபோது. வேண்டுமானால் அந்தக் காசில் ஒரு பங்குக்குக் கடலைமிட்டாயும் கூடுதல் டீத்தூளும் வாங்கிப் போடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு வாய்க்கு ஏதாவது வேண்டும் என்பது உண்மைதானே.

பையன்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். பதினெட்டு ஆகாதவன் படகில் ஏறுவதில்லை என்று நெஞ்சில் கை வைத்து எத்தனை பேர் சொல்வோம்? ஏறக் கூடாது என்பது வேறு பேச்சு. ஏறிவிட்டவன் கையில் டப்பாவைக் கொடுத்தால், 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு இருக்கிறது, சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். கடைக்காரருக்கு மட்டும் இருக்கிற சட்டம் என்று நினைக்காதீர்கள். பொதுச் செலவில் வாங்கிப் போட்டுவிட்டு, நான் கொடுக்கவில்லை, மாமன்தான் கொடுத்தான் என்று சொல்வது எடுபடுமா? ஒவ்வொரு படகிலும் இரண்டு லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கையைத் துடைத்துக்கொண்டு அவரவர் பற்றவைக்கட்டும்.

எப்போது தொடங்குவது? நான் விட்ட கதையைச் சொல்கிறேன் என்றேனே, அதில் இருக்கிறது. தவக்காலத்தில் நாற்பது நாள் பீடி தொடுவதில்லை என்று ஒரு வருஷம் கோயிலில் நேர்ந்துகொண்டேன். நம் கரையில் பலர் செய்வதுதான். மாலை போட்டவர் மலைக்குப் போய்வரும்வரை நிறுத்துகிறார், நோன்பு வைக்கும் பாய்மார் விடிந்ததிலிருந்து பொழுதடையும்வரை தொடுவதில்லை. யாராலும் முடியாது என்பதெல்லாம் சும்மா. எங்கே விழுகிறோம் என்றால், ஈஸ்டர் முடிந்து படகில் கால் வைத்ததும் அந்த டப்பா அங்கேயே இருக்கிறது. எனக்கு அந்த வருஷம் ஒரு அதிர்ஷ்டம். ஈஸ்டர் முடிந்த கையோடு மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. படகு இல்லை, டப்பா இல்லை, "பத்த வச்சுக் குடுடா" இல்லை. வலை பொத்திக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன், எரிச்சல் இருந்தது, வீட்டில் இரண்டு தட்டு உடைந்தது, ஆனால் கடந்துவிட்டது. தடை முடிந்து மறுபடி ஏறியபோது மாமா டப்பாவை நீட்டினார். வேண்டாம் மாமா என்று சொல்ல எனக்கு வந்த பயம் எனக்குத்தான் தெரியும். முதல் தடவை கோபப்பட்டார், அப்புறம் வேறொரு பையனைக் கூப்பிட்டார். அந்தப் பையன் யார் என்று இங்கே எழுத மாட்டேன். இன்றைக்கும் பிடிக்கிறான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுத் தொழிலாளி அத்தனை பேரும் கரையில் இருப்பது வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய்க்குப் பெயர் கொடுக்கவும் அட்டை காட்டவும் எல்லாரும் வருகிறார்கள். அங்கே ஒரு மேசை போட்டு ஒரு நர்ஸை உட்கார வைக்க மாவட்ட நிர்வாகத்திடம் நீங்கள் கேட்டால் மாட்டேன் என்றா சொல்வார்கள்? இருமல் இருப்பவனுக்கு அங்கேயே சளிப் பரிசோதனை. விட நினைப்பவனுக்கு 1800-11-2356, கட்டணமில்லாத எண், பீடி உறையிலேயே போட்டிருக்கிறது, டப்பாவில் கொட்டும்போது நாம் கிழித்து எறியும் அதே உறையில். 2016-17 கணக்கெடுப்பில் புகைபிடிப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விட வேண்டும் என்று நினைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஐந்து பேரில் இரண்டு மூன்று பேர் அப்படி இருப்பார்கள். யார் என்று யாரும் கேட்டதில்லை, அதனால் யாரும் சொன்னதில்லை.

ஐ.டி.ஐ. படித்த அந்தத் தம்பிக்கு இப்போது கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருக்கிறது. போன வாரம் துறைமுகத்தில் பார்த்தேன். இந்த மடல் எழுதப்போவதைச் சொன்னேன். "அப்பவே எழுதியிருந்தா என் காசு மிச்சம்ணே" என்று சிரித்தான். சிரிக்கும்போதே இருமினான்.

அவனுக்கு நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்றைக்கு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். தடை முடிந்து முதல் நடைக்குச் சாமான் சீட்டு எழுதும்போது டீத்தூளுக்கு அடுத்த வரியை விட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள். கணக்குப்பிள்ளை பழக்கதோஷத்தில் எழுதிவிட்டால் அந்த வரியை நான் அடித்துவிடச் சொன்னதாகச் சொல்லுங்கள். தீப்பெட்டி இருக்கட்டும், அடுப்புக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கணக்குப்பிள்ளை,
பாம்பன்